முதல் கட்டம் காலி

அத்தியாயம் பதினான்கு

போன வாரம் அந்த ஒற்றை வார்த்தையைப் படித்துவிட்டு, மாமனாரை உண்டு இல்லை என்று ஆக்கிக் கடிதம் எழுதியவர்கள் கொஞ்சம் பொறுக்கவும். எனக்கும் அந்த மனிதர் மேல் கோபம்தான். ஆனால் அவர் தரப்பைக் கேட்காமல் தீர்ப்பு எழுதிவிடக் கூடாது.

விட்ட இடத்தைச் சுருக்கமாகச் சொல்லிவிடுகிறேன். பல்லக்கா ஒரு பல் லேபில் வேலை செய்கிறவள். பல் போனவர்களுக்குச் செட் கட்டுவது தொழில். தரை கூட்டுகிற வேலைக்குச் சேர்ந்து, பிளாஸ்டர் மாவு கலக்கி அச்சு எடுக்கப் பழகி, மெழுகு உருக்கப் பழகி, இரண்டே வருடத்தில் செட் கட்டத் தொடங்கி, பதினோரு வருடத்தில் கை தேர்ந்தவள். ஆனால் சான்றிதழ் கிடையாது. அதனால் அவள் செய்கிற செட்டெல்லாம் வேறு யாருடைய கையெழுத்திலோ வெளியே போகிறது. இன்று மாலை நான்கு மணிக்குப் பயிற்சி மையத்தில் தேர்வு. தானே செய்த ஒரு முழு செட்டை, அதை மாட்டியிருக்கும் ஆளையும் கூட்டிக்கொண்டு போய்க் காட்ட வேண்டும். தேறிவிட்டால் அவள் வேலைக்கு அவளே கையெழுத்துப் போடலாம்.

மாட்டியிருக்கும் ஆள் அவளுடைய மாமனார்.

அந்தப் பெரியவர் முப்பத்தைந்து வருடம் ஒரு பத்திரிகையில் பிழை திருத்தியவர். மகன் அவருக்கு முதுகுக்குப் பின்னால் வைத்திருக்கும் பெயர் 'சிவப்புப் பென்சில்'. தப்பு இருந்தால் குறி போடுவார். தப்பு இல்லாத இடத்தில் அவருக்கு வேலை இல்லை, அதனால் வார்த்தையும் இல்லை. மருமகள் கட்டிக்கொடுத்த முதல் செட்டுக்கு முப்பத்தோரு குறை எழுதிக் கொடுத்தார். இரண்டாவதுக்குப் பத்தொன்பது. மூன்றாவதுக்கு எட்டு.

இந்த நான்காவது செட்டுக்குத் தேர்வுப் படிவத்தில் 'நோயாளியின் கருத்து' என்ற இடத்தில் அவர் நேற்றுச் சாயந்திரம் எழுதியது ஒரே வார்த்தை.

'பரவாயில்லை.'

இந்த வார்த்தையைப் போல ஆளைக் குழப்புகிற வார்த்தை நம்மிடம் வேறு உண்டா? காலை மிதித்தவர் மன்னிப்புக் கேட்டால், பரவாயில்லை. காய்ச்சல் எப்படி என்றால், பரவாயில்லை. புதுச் சட்டை எப்படி என்றாலும் அதேதான். சொல்கிறவர் முகத்தைப் பார்த்தால்தான் அர்த்தம் புரியும். காகிதத்துக்கு ஏது முகம்? பல்லக்கா அந்த வார்த்தையை ஏழெட்டு முறை படித்து, இருப்பதிலேயே மட்டமான அர்த்தத்தைத் தனக்கென்று எடுத்துக்கொண்டாள்.

இனி இன்றைய காலை.

ஏழு மணி. மாமனார் வாஷ்பேசின் முன்னால் நின்று செட்டைக் கழுவி மாட்டிக்கொண்டு, கண்ணாடியில் இடமும் வலமும் திரும்பிப் பார்த்துக்கொண்டிருந்தார்.

"மாமா, செட்டைக் கொஞ்சம் கழற்றிக் குடுங்க."

"எதுக்கும்மா? இப்பதானே மாட்டினேன்."

"சின்ன வேலை பாக்கி இருக்கு. லேபுக்கு எடுத்துட்டுப் போய்ப் பார்க்கறேன்."

"இன்னைக்குத்தானே தேர்வு?"

"ஆமா மாமா."

தேர்வு இன்றைக்குத்தான் என்பது உண்மை. போகப் போகிறேன் என்று அவள் சொல்லவில்லை. பெரியவர் அதைக் கவனிக்கவில்லை. கழற்றித் தண்ணீர் ஊற்றிய டப்பாவில் போட்டுக் கொடுத்தார். கன்னம் இரண்டும் உள்ளே போய், ஒரு நொடியில் பத்து வயது கூடிவிட்டது. பல் இல்லாமல் அவர் பேச மாட்டார். 'ச' வர வேண்டிய இடத்தில் வெறும் காற்று வருவதை அவரால் தாங்க முடியாது. அச்சில் ஓர் எழுத்து உடைந்திருந்தாலே பொறுக்காதவர், தன் வாயில் உடைந்தால் பொறுப்பாரா?

சமையலறையில் கணவன் டீ ஊற்றிக்கொண்டிருந்தான். லிஃப்ட் மெக்கானிக். காலை எட்டு மணிக்கு ஏதாவது ஒரு கட்டடத்தில் யாராவது இரண்டு மாடிக்கு நடுவில் மாட்டிக்கொள்வார்கள். அதற்குள் ஒரு டீயாவது குடித்துவிட வேண்டும் என்பது அவன் கொள்கை.

"நான் இன்னைக்குப் போகலைங்க."

"எங்கே? லேபுக்கா?"

"தேர்வுக்கு. அடுத்த வருஷம் பார்த்துக்கலாம்."

டீ ஊற்றிய கை நின்றது. "ஏன்?"

"மாட்டியிருக்கிறவரே போனாப் போகுதுன்னு எழுதியிருக்கார். அங்கே நான் எந்த முகத்தோட நிக்கறது?"

"அப்பாவா? அப்படியா எழுதினார்?"

"பரவாயில்லைன்னு எழுதியிருக்கார். போன தடவை எட்டுக் குறை சொன்னார். அதுவாவது பரவாயில்லை, எதைத் திருத்தணும்னாவது தெரிஞ்சுது. இந்தத் தடவை திருத்தறதுக்குக்கூட லாயக்கில்லைன்னு கை கழுவிட்டார்."

அவள் வாயிலேயே அந்த வார்த்தை வந்து போனதை அவள் கவனிக்கவில்லை. அவன் கவனித்தான்.

"நம்ம கல்யாணத்தப்பவும் அப்பா இதே வார்த்தையைத்தான் சொன்னார், தெரியுமா?"

"என்னைப் பார்த்தா?"

"சேச்சே. கல்யாணப் பத்திரிகையைப் பார்த்து. ஒரு எழுத்து தப்பில்லாம அடிச்சிருந்தாங்க. அதுக்குப் பரவாயில்லைன்னார்."

"அப்ப என்னைப் பார்த்து என்ன சொன்னார்?"

"ஒண்ணுமே சொல்லலை. அவர் பாஷையில அதுக்கு என்ன அர்த்தம்னு நீயே யோசிச்சுக்கோ."

வேறு ஒரு நாளாக இருந்தால் அவள் சிரித்திருப்பாள். இன்று டப்பாவைத் துணியில் சுற்றிப் பைக்குள் வைத்தாள். தேர்வுப் படிவத்தை எடுக்கவில்லை. அது குளிர்சாதனப் பெட்டியின் மேலேயே கிடந்தது.

"நான் ஒண்ணு சொல்லட்டுமா?" என்றான் அவன். "பதினோரு வருஷமா நீ லிஃப்டுல ஏறிட்டே இருக்கே. எத்தனாவது மாடியில நிக்கறோம்னு ஒரு தடவையாவது வெளியே எட்டிப் பார்த்திருக்கியா? கதவு திறக்கறதுக்குள்ள அடுத்த பட்டனை அமுக்கிடறே."

"நீங்க முதல்ல லிஃப்டை விட்டு வெளியே வாங்க. டீ ஆறுது."

அவள் செருப்பை மாட்டிக்கொண்டு போய்விட்டாள். சொன்ன உதாரணம் நன்றாகத்தான் இருந்தது, கேட்கத்தான் ஆளில்லை. கணவன்மார் பலருக்கு இந்த அனுபவம் உண்டு.

*

லேப் என்றால் பெரிதாக நினைத்துக்கொள்ள வேண்டாம். ஒரு நீளமான மேசை, நான்கு விளக்குகள், ஒரு ஜன்னல். சுவர் அலமாரி முழுக்க மாவில் வார்த்த தாடைகள், ஒவ்வொன்றின் கழுத்திலும் ஒரு சீட்டு. எதைத் தொட்டாலும் விரலில் வெள்ளைத் தூள் ஒட்டும்.

அந்த வெள்ளைத் தூளிலேயே வாழ்கிறவள் 'மாவு'. அச்சு வார்க்கிற பகுதியைப் பார்த்துக்கொள்பவள். பல்லக்காவோடு ஒரே வருடத்தில் வேலைக்குச் சேர்ந்தவள். அவளுக்குப் புருவம் கறுப்பா வெள்ளையா என்று ஞாயிற்றுக்கிழமைதான் தெரியும்.

"நீ லீவுன்னு சொன்னியே?"

"போகலை."

"ஏன்டி, உடம்பு சரியில்லையா?"

"செட்டு சரியில்லை."

மாவு மேற்கொண்டு கேட்கவில்லை. பல்லக்கா இப்படி இருக்கும்போது கேட்டால் பதில் வராது, வேலைதான் நடக்கும் என்று அவளுக்குத் தெரியும்.

பல்லக்கா விளக்கை இழுத்து, டப்பாவைத் திறந்து, மேல் செட்டைக் கையில் எடுத்தாள். படிவத்தில் தான் எழுதியிருந்த குறைகளைத் தவிர வேறு பெரிய தப்பு எங்கே என்று தேடினாள். கடிக்கிற விளிம்பைப் பார்த்தாள். முன்பற்களின் சாய்வைப் பார்த்தாள். நாக்கு படுகிற இடத்தில் விரலை ஓட்டினாள். ஒன்றும் அகப்படவில்லை. ஒன்றும் அகப்படாதது அவளுக்கு நிம்மதியைத் தரவில்லை; தன் கண்தான் மோசமாகிவிட்டது என்று நினைத்தாள்.

அண்ணத்தில் படுகிற அந்த ரோஜா நிறத் தகட்டை இன்னும் கொஞ்சம் மெல்லிதாக்கலாமோ? மெல்லிதானால் பேச்சு இன்னும் தெளிவாக வரும். ஆனால் ஓர் இழை கூடுதலாகத் தேய்த்துவிட்டால் தகடு வலுவிழந்து ஒரு நாள் கடிக்கும்போது விரிசல் விட்டுவிடும். தேய்த்ததைத் திரும்ப ஒட்ட முடியாது. அவளுக்கு இதெல்லாம் தெரியும். தெரிந்தும் கைமோட்டாரை எடுத்து முனையில் கல்லைப் பொருத்தினாள். ஓடவிட்டாள்.

"இந்தா, அதை அப்புறம் பாரு. இது அவசரமாம்." மாவு ஒரு பொட்டலத்தை மேசையில் வைத்தாள். "நடுவுல விரிசல். மதியம் ரெண்டு மணிக்குள்ள ஒட்டித் தரணுமாம். நீ வராம இருந்திருந்தா முழிச்சிட்டு உட்கார்ந்திருப்பேன்."

பல்லக்கா மோட்டாரை நிறுத்தினாள். வாடிக்கையாளர் வேலை முதலில். அதில் அவளுக்கு இரண்டாவது எண்ணம் கிடையாது.

பொட்டலத்தைப் பிரித்தாள். பழைய மேல் செட் ஒன்று. பார்த்ததும் முகம் சுளித்தாள்.

"யாருடி பண்ணினது இந்தக் கண்றாவியை?"

"ஏன்?"

"பாரு இதை. பல்லு பூரா வரிசையில நிக்கவச்ச போலீஸ் மாதிரி விறைப்பா நிக்குது. நிறம் சுண்ணாம்பு அடிச்ச சுவர் மாதிரி. தகடு எவ்வளவு தடிமன்னு பாரு. இதை வாயில வச்சுக்கிட்டு ஒரு மனுஷன் எப்படிப் பேசுவான்? கோரப் பல்லு ரெண்டையும் இடம் மாத்தி வச்சிருக்கான், படுபாவி. இவனுக்கெல்லாம் யாரு வேலை குடுத்தது?"

பேசிக்கொண்டே திருப்பிப் பின்பக்கத்தைப் பார்த்தாள். விளக்கை இன்னும் கிட்டே இழுத்தாள்.

தகட்டின் பின் ஓரத்தில் ஊசியால் குத்திய மூன்று சின்னப் புள்ளிகள். கையெழுத்துப் போட உரிமை இல்லாத ஆரம்ப நாட்களில், யாருக்கும் தெரியாமல், தான் செய்த செட்டில் மட்டும் அவள் வைத்த அடையாளம் அது. ஒன்பது வருடத்துக்கு முன்னால் ஆரம்பித்து இரண்டு வருடம் வைத்தாள். பிறகு, இந்த லட்சணத்துக்கு அடையாளம் ஒரு கேடா என்று விட்டுவிட்டாள்.

"என்னடி ஆச்சு?"

"நான்தான்."

"என்ன நீதான்?"

"அந்தப் படுபாவி நான்தான்."

மாவு ஒரு கணம் விழித்தாள். பிறகு அவள் சிரித்த சிரிப்பில் தலையிலிருந்து தூள் உதிர்ந்தது. பல்லக்காவும் சிரித்தாள். சிரித்துக்கொண்டே விளக்கடியில் அதைத் திரும்பவும் பார்த்தாள்.

கடைவாய்ப் பற்களின் மேடுகள் தேய்ந்து மழுங்கியிருந்தன. யாரோ ஒருவர் ஒன்பது வருடம், தினம் மூன்று வேளை, இதை வைத்து மென்றிருக்கிறார். இதை வைத்துப் பேரப்பிள்ளைகளை அதட்டியிருப்பார். பக்கத்து வீட்டில் சண்டை போட்டிருப்பார். இத்தனை குறையோடும் அது தன் வேலையைச் செய்திருக்கிறது. தூக்கிப் போடாமல், ஒட்டித் தாருங்கள் என்று கொடுத்து அனுப்பியிருக்கிறார்.

அவள் மாமனாரின் செட்டை எடுத்து அதன் பக்கத்தில் வைத்தாள்.

இரண்டையும் செய்தது ஒரே கை என்று யாராவது சத்தியம் செய்தால்கூட நம்ப முடியாது. புதியதில் ஒவ்வொரு பல்லும் பக்கத்துப் பல்லைப் பார்த்துக் கொஞ்சம் ஒதுங்கி, கொஞ்சம் சாய்ந்து, பிறந்தபோதே அங்கு இருந்ததைப் போல உட்கார்ந்திருந்தது. அந்த மெல்லிய சாய்வு எப்போது தன் விரலுக்கு வந்தது என்று அவளுக்கு நினைவில்லை. யாரும் ஒரே நாளில் கற்றுக்கொடுக்கவில்லை. ஒரு நாள் வந்திருக்கிறது, அவள் அன்றைக்கும் வேறு ஏதோ குறையைத் தேடிக்கொண்டிருந்திருக்கிறாள்.

இதை நான் கொஞ்சம் விளக்கத்தான் வேண்டும். வேலை பழகப் பழகக் கையும் வளர்கிறது, கண்ணும் வளர்கிறது. ஆனால் கண் எப்போதும் இரண்டடி முன்னால் ஓடுகிறது. அங்கிருந்து திரும்பிப் பார்த்தால் கை நின்ற இடத்திலேயே நிற்பதாகத்தான் தோன்றும். பல்லக்காவுக்கு இத்தனை நாள் நடந்தது அதுதான். இன்று ஒன்பது வருடத்துக்கு முந்தைய கை மேசையில் வந்து படுத்துக்கொண்டதால், அவள் முதல் முறையாகத் தூரத்தை அளந்து பார்த்தாள்.

அவளுக்குப் பெருமையாக இருந்தது. பெருமைப்படுகிறோமே என்று வெட்கமாகவும் இருந்தது. ஆனால் பெருமை போய்விடவில்லை.

பழைய செட்டின் விரிசலைச் சுரண்டி, இணைத்து, பூசி, காயவைத்து, மெருகேற்றிக் கொடுத்தாள். மாமனாரின் செட்டைத் தொடவில்லை. மோட்டார் முனையிலிருந்த கல்லைக் கழற்றிப் பெட்டியில் போட்டாள்.

"மாவு, மணி என்ன?"

"ரெண்டு ஆகப் போகுது."

"நான் தேர்வுக்குப் போறேன்டி!"

"போ. முகத்தைக் கழுவிட்டுப் போ."

அவள் கணவனுக்குப் போன் அடித்தாள். மணி அடித்துக்கொண்டே இருந்தது. எடுக்கவில்லை.

*

அவன் எடுக்காததற்குக் காரணம் இருக்கிறது. அதற்கு நாம் ஒரு மணி நேரம் பின்னால் போய், வீட்டைப் பார்க்க வேண்டும்.

பெரியவர் மகனுக்கு ஒரு குறுஞ்செய்தி அனுப்பியிருந்தார். கால் புள்ளி, முற்றுப்புள்ளி, கேள்விக்குறி எல்லாம் இட வேண்டிய இடத்தில் இருந்தன. 'மணி பன்னிரண்டு ஆகிறது. பல் இன்னும் வரவில்லை. தேர்வு நான்கு மணிக்கு. அவள் போனை எடுத்தாலும், என்னால் பேச இயலாது. என்ன நடக்கிறது?'

மகன் மதிய இடைவேளையில் வீட்டுக்கு வந்தான்.

"அப்பா, அவ தேர்வுக்குப் போகலை."

பெரியவர் புருவத்தை உயர்த்தினார்.

"நீங்க எழுதினதுதான் காரணம்."

அவர் மேசை மேலிருந்த காகிதத்தை இழுத்து எழுதினார்: 'எதை?'

"பரவாயில்லைன்னு எழுதினீங்களே. போனாப் போகுதுன்னு நீங்க சொல்றதா எடுத்துக்கிட்டா. ராத்திரி சரியா சாப்பிடக்கூட இல்லை."

பெரியவர் மகனையே பார்த்தார். பிறகு எழுந்து போய், குளிர்சாதனப் பெட்டி மேலிருந்து படிவத்தை எடுத்தார். கண்ணாடி போட்டுக்கொண்டு, கையை நீட்டித் தூரத்தில் பிடித்து, தன் ஒற்றை வார்த்தையைப் படித்தார். இன்னொரு முறை படித்தார். காது சிவந்தது.

சட்டைப் பையிலிருந்து சிவப்புப் பென்சிலை எடுத்தார். 'பரவாயில்லை'யின் கடைசி எழுத்துக்கு அடியில், எழுத்து விட்டுப்போன இடத்தில் போடுகிற கூரைக் குறியைப் போட்டார். மேலே சின்னதாக, தெளிவாக, ஓர் எழுத்தைச் சேர்த்தார்.

'யே.'

பரவாயில்லையே!

மகன் தோளுக்கு மேல் எட்டிப் பார்த்தான். ஓர் எழுத்துதான். அதோடு வார்த்தையின் முகமே மாறிவிட்டது. கண் விரிந்து, தலை ஒரு பக்கம் சாய்ந்து, 'அட' என்று நிற்கிற முகம்.

"அப்பா, இது நிஜமாவே நேத்து விட்டுப்போன எழுத்தா, இல்லே இப்பத்தான் சேர்க்கறீங்களா?"

பெரியவருக்குக் காது நன்றாகக் கேட்கும். ஆனால் அந்தக் கேள்வி கேட்டதாக அவர் காட்டிக்கொள்ளவில்லை. பென்சில் படிவத்தின் மேல் பக்கத்துக்கு நகர்ந்துவிட்டது.

அங்கே 'தயாரித்தவரின் கருத்து' என்ற தலைப்பில் இரண்டு கட்டங்கள். முதலாவது: 'நன்றாக வந்தவை.' இரண்டாவது: 'மேம்பட வேண்டியவை.' இரண்டாவது கட்டத்தில் மருமகள் ஒன்பது குறைகளை எண் போட்டு எழுதி, இடம் போதாமல் பக்கத்தின் பின்புறம் வரைக்கும் போயிருந்தாள். முதல் கட்டத்தில் ஒரு புள்ளிகூட இல்லை.

அவருடைய தொழிலில் வெற்றிடமும் ஒரு பிழைதான். பத்தி விட்டுப்போயிருந்தால் வட்டமிட்டு ஓரத்தில் எழுதுவார்கள். அவர் முதல் கட்டத்தைச் சுற்றி வட்டம் போட்டு, ஓரத்தில் எழுதினார்: 'விஷயம் விடுபட்டுள்ளது. எழுதியவர் நிரப்பவும்.'

எழுதிவிட்டுச் சட்டையை மாட்டிக்கொண்டு வாசலில் போய் நின்றார்.

*

அப்பாவும் மகனும் லேபுக்குள் நுழைந்தபோது பல்லக்கா பையைத் தோளில் மாட்டிக்கொண்டு நின்றாள்.

"உங்களுக்குத்தான் அடிச்சிட்டே இருந்தேன்."

"வண்டியில வந்துட்டிருந்தேன். அப்பா உனக்கு ஒண்ணு குடுக்கணுமாம்."

படிவத்தை வாங்கினாள். சிவப்பைப் பார்த்ததும் முதலில் அவளுக்குப் பகீர் என்றது. தேர்வுப் படிவத்தில் கிறுக்குகிற ஆளை என்ன சொல்வது? பிறகு அந்த 'யே'யைப் பார்த்தாள். பார்த்துக்கொண்டே நின்றாள். கண் நிறைந்தது.

"மாமா, ஒண்ணு சொல்றேன், தப்பா நினைச்சுக்காதீங்க. இந்த எழுத்து வராம இருந்திருந்தாலும் நான் கிளம்பித்தான் இருந்தேன். பை தோள்ல இருக்கு பாருங்க."

பெரியவர் பையைப் பார்த்தார். தலையாட்டினார். அந்தத் தலையாட்டலில் ஒரு மரியாதை இருந்தது. கையை நீட்டினார். அவள் டப்பாவைக் கொடுத்தாள். திரும்பி நின்று மாட்டிக்கொண்டு, நிமிர்ந்தார். கன்னம் நிரம்பியது. காலையில் செட்டைக் கழற்றியதற்குப் பிறகு அவர் பேசிய முதல் வாக்கியம்:

"மணி ரெண்டரை. வாசல்ல நின்னு என்ன பேச்சு?"

*

ஊரின் மறு கோடியில் இருந்த பயிற்சி மையத்தில் கண்ணாடித் தடுப்புக்குப் பின்னால் உட்கார்ந்திருந்த எழுத்தர் படிவத்தைத் திருப்பிக் கொடுத்துவிட்டார்.

"முதல் கட்டம் காலியா இருக்கும்மா. காலியா இருந்தா வாங்க மாட்டோம்."

"அதுல எழுத..."

"ஏதாவது எழுதுங்க. நாலு மணிக்கு ஜன்னலை மூடிடுவேன். ஆமா, யாரு இதுல சிவப்புல கிறுக்கினது?"

பெரியவர் கூரையிலிருந்த மின்விசிறியை ஆராய்ந்தார்.

பத்து நிமிடம் இருந்தது. பல்லக்கா பெஞ்சின் ஓரத்தில் உட்கார்ந்து மடியில் பையை வைத்து, அதன் மேல் படிவத்தை வைத்தாள். 'சுமாராக' என்று ஆரம்பித்தாள். அடித்தாள். 'மற்றவர்கள் உதவியால்' என்று எழுதினாள். அதையும் அடித்தாள். ஒன்பது குறையை ஒரே மூச்சில் எழுதியவளுக்கு ஒரு நிறை எழுத வியர்த்தது. கணவன் ஏதோ சொல்ல வாயெடுத்தான். அப்பா அவன் கையைப் பிடித்து அழுத்தினார்.

ஜன்னலுக்குள் நாற்காலி நகருகிற சத்தம் கேட்டது. அவள் யோசிப்பதை விட்டுவிட்டு, மேசையில் இரண்டு செட்டும் பக்கத்தில் பக்கத்தில் கிடந்தபோது தான் பார்த்ததை அப்படியே, வாயால் சொல்வதைப் போல, மளமளவென்று எழுதினாள். படித்துப் பார்க்கவில்லை. படித்தால் அடித்துவிடுவோம் என்று அவளுக்குத் தெரியும். மடித்து ஜன்னலுக்குள் தள்ளிவிட்டாள்.

உள்ளே கூப்பிட்டார்கள். அவளும் மாமனாரும் போனார்கள்.

தேர்வாளர் வாட்டசாட்டமான ஓர் அம்மாள். அதிகம் பேசாதவர். பெரியவரை நாற்காலியில் சாய்த்து, பல் படுகிற இடத்தைக் காட்டும் மெல்லிய நிறக்காகிதத்தைக் கடிக்கச் சொன்னார். தண்ணீர் குடிக்கச் சொன்னார். ஒன்றிலிருந்து நூறு வரை எண்ணச் சொன்னார். எழுபத்தொன்று, எழுபத்திரண்டு என்று அவர் 'ழ' பிசகாமல் எண்ணியதைக் கேட்டு எதையோ குறித்துக்கொண்டார்.

"நாலாவது குறைன்னு ஒண்ணு எழுதியிருக்கீங்க. சிரிக்கும்போது இடது பக்கம் ஈறு கூடுதலாத் தெரியுது. எங்கே, ஐயா கொஞ்சம் சிரிங்க."

பெரியவர் உதட்டை இழுத்தார். கடன் கேட்க வந்தவரைப் பார்த்துச் சிரிப்பதைப் போல இருந்தது.

"இது இல்லைங்க. நிஜமா."

"இவர் வாயைத் திறந்து சிரிக்க மாட்டாருங்க," என்றாள் பல்லக்கா. "சிரிப்பு வந்தா கையை வச்சு மூடிக்குவார். பல்லு போன நாள்லேர்ந்து அப்படித்தான். நான் அந்தக் குறையை எழுதினது, அச்சை வச்சு ஒரு கணக்குலதான்."

"அப்ப எதை வச்சு நான் மார்க் போடறது?" தேர்வாளர் சலித்துக்கொண்டு படிவத்தின் மேல் பக்கத்தைத் திருப்பினார். "சரி, நல்லா வந்ததுன்னு என்ன எழுதியிருக்கீங்கன்னு பார்ப்போம்."

கண்ணாடியைச் சரிசெய்துகொண்டு, அந்த அம்மாள் ஒரு வார்த்தையும் விடாமல் உரக்கப் படித்தார்.

"மேல் பல்லிகள் பதினான்கும் வரிசையாக உட்கார்ந்திருக்கின்றன. எதுவும் ஆடவில்லை. எதுவும் இடித்துக்கொள்ளவில்லை. எல்லாவற்றையும் நானே ஒவ்வொன்றாக எடுத்து வைத்தேன்."

தேர்வாளர் இரண்டாவது வார்த்தைக்குத் திரும்பிப் போய் அங்கே விரலை வைத்தார்.

'பல்லுகள்' என்று எழுதப் போய், அவசரத்தில் 'லு'வுக்குப் பதில் 'லி' போட்டிருந்தாள். பல்லக்காவுக்கு உச்சந்தலையிலிருந்து சூடு இறங்கியது. வாழ்க்கையில் முதல் முறையாகத் தன்னைப் பற்றி நல்லதாக நான்கு வரி எழுதினாள். அதிலும் பல்லி விழுந்துவிட்டது.

நாற்காலியிலிருந்து ஒரு விசித்திரமான ஒலி வந்தது.

பெரியவருக்கு முப்பத்தைந்து வருட அனுபவம். மந்திரி மாநாட்டை 'மந்தி மாநாடு' ஆக்கியவர்களைப் பார்த்தவர். ஆனால் பதினான்கு பல்லிகளை ஒவ்வொன்றாக எடுத்து ஒருவர் வாய்க்குள் உட்காரவைத்த ஆளை அவர் பார்த்ததில்லை. அதுவும் தன் வாய்க்குள். தோள் குலுங்கியது. தலை பின்னால் போனது. "ஆடவில்லை..." என்று ஆரம்பித்தவருக்கு மேலே போக முடியவில்லை. கைப்பிடியைக் கெட்டியாகப் பிடித்துக்கொண்டு, வாயை முழுக்கத் திறந்து, கண்ணில் நீர் வர, வெடித்துச் சிரித்தார்.

கை வாய்க்குப் போகவே இல்லை.

"அப்படியே! அப்படியே இருங்க ஐயா!" தேர்வாளர் விளக்கை இழுத்துக்கொண்டு குனிந்தார். அவருக்கும் சிரிப்பு அடங்கவில்லை; விளக்கு ஆடியது.

பல்லக்காவும் எட்டிப் பார்த்தாள். அச்சில் பார்த்திருக்கிறாள், மெழுகில் பார்த்திருக்கிறாள், டப்பாத் தண்ணீரில் பார்த்திருக்கிறாள். சிரிக்கிற மனிதரின் முகத்தில் தன் வேலையை அவள் பார்த்ததே இல்லை. பதினான்கும் வரிசையாக இருந்தன. இடது பக்கம் ஈறு கொஞ்சம் கூடுதலாகத்தான் தெரிந்தது. அவள் கணக்கு சரி. அடுத்த செட்டில் அதைக் குறைக்க வழி இருக்கிறது, அதுவும் அவளுக்குத் தெரிந்தது. இருந்தும் அவள் கண் அந்த இடத்திலேயே நின்றுவிடவில்லை. முழு முகத்தையும் பார்த்தது.

"நீங்க வெளியே இருங்கம்மா," என்றார் தேர்வாளர், கண்ணைத் துடைத்துக்கொண்டு. "ஐயாகிட்ட நான் தனியா ஒண்ணு கேட்கணும்."

வெளியே கணவன் நகத்தைக் கடித்துக்கொண்டிருந்தான்.

"என்ன ஆச்சு? உள்ளே யாரு அப்படிச் சிரிச்சது?"

"உங்கப்பா."

"அப்பாவா?" அவன் நம்பவில்லை. "சரி, எப்படி வந்துச்சு?"

இந்தக் கேள்விக்கு அவளிடம் எப்போதும் ஒரு பட்டியல் தயாராக இருக்கும். இன்றும் நாலாவது குறை நாக்கு நுனி வரைக்கும் வந்தது. அவள் அதைக் கொஞ்சம் காத்திருக்கச் சொன்னாள்.

"நல்லா பண்ணியிருக்கேங்க," என்றாள். சொன்னதும் அழுகை வந்தது. துடைத்துக்கொண்டாள். "நிஜமாவே நல்லா பண்ணியிருக்கேன்."

அவன் பக்கத்தில் நகர்ந்து உட்கார்ந்தான்.

கால் மணி நேரம் ஆயிற்று. பெரியவர் வெளியே வரவில்லை. தாழ்வாரத்தின் கடைசியில், இதுவரை சாத்தியே இருந்த ஒரு கதவு திறந்தது. எழுத்தர் தலையை நீட்டினார். கையில் அவளுடைய படிவம். முகத்தில் சிரிப்பும் இல்லை, சிடுசிடுப்பும் இல்லை.

"இந்தப் பல்லு செட்டைக் கட்டினது யாரு? மையத்தோட பெரிய டாக்டர் உடனே வரச் சொல்றாங்க."

எதற்கு என்று கணவன் எழுத்தரைப் பார்த்தான். எழுத்தர் உதட்டைப் பிதுக்கினார்.

பல்லக்கா எதற்கு என்று கேட்கவில்லை. எழுந்து நின்றாள்.

"நான்தான்," என்றாள்.